அடுத்தவர் பை

மடி என்று ஓர் உறுப்பு மனித உடலில் இல்லை. ஓய்வு பெறும்வரை பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்லலாம். உட்கார்ந்தால் உண்டாகிறது, எழுந்தால் இல்லாமல் போகிறது, வெட்டிப் பார்த்தால் அகப்படாது. ஆனாலும் கொழும்பு பஸ்கள் ஒரு காலத்தில் டீசலுக்கு அடுத்தபடியாக மடியை நம்பித்தான் ஓடின. இடம் கிடைத்தவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்க வேண்டியதில்லை, பெயர் தெரிய வேண்டியதில்லை, என்ன மொழி என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும், பை வந்து சேரும், இறங்கும்போது திரும்பிப் போகும். வெள்ளவத்தையில் ஏறி நடைவழி ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். சாரதியின் தலைக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் இயேசுவும் ஒரே மின்கம்பியில் மாறிமாறிச் சிமிட்டுகிறார்கள், மதகுருமாருக்கென்று எழுதிய இருக்கையில் ஒரு வாலிபர் மதகுருவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், என் மடி வெறுமையாக இருக்கிறது. காலையில் மெல்பேர்னிலிருந்து தொலைபேசியில் மகள் நிரோஷினி. "அம்மா, பஸ்ஸில போகாதேங்கோ, ஓட்டோ பிடியுங்கோ." "புறக்கோட்டையில மரக்கறி மலிவு." "மிச்சம் பிடிக்கிறதை நான் அனுப்பிறன்." "தக்காளியையும் அனுப்பு." "பகிடி விடாதேங்கோ அம்மா. ஒருக்கா நடந்தது காணாதே?" காணும். தாராளமாகப் போதும். ஆனால் மரக்கறிக்காக நான் பஸ் ஏறவில்லை என்பது அவளுக்கும் தெரியும். சித்திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு இந்த ஊரில் எவரும் எவருக்கும் பை கொடுப்பதில்லை. ஏறுகிறவர்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கை நீட்டினால் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நான் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவராவது தரும்வரைக்கும் ஓட்டோ இல்லை என்று எனக்கு நானே ஒரு சத்தியம். அற்பச் சத்தியம்தான். பெரிய சத்தியங்கள் செய்தவர்கள் இந்தத் தீவை என்ன பாடுபடுத்தினார்கள் என்று பார்த்தவளுக்கு அற்பச் சத்தியம் போதும்.

சோமலதாவின் மடி அகலமானது. யுத்த காலத்தில் இதே வீதியில் தினமும் காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், அவள் ஏதோ ஒரு திணைக்களத்தில் லிகிதர், கடைசி வரிசைக்கு முந்தின வரிசை அவளுக்கென்று எழுதிவைத்தது போல. அவளுடைய சிங்களம் எனக்கு முக்கால் விளங்கும், என்னுடைய சிங்களம் அவளுக்குச் சிரிப்பாக விளங்கும். என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிக்கட்டை வாங்கி மடியில் வைத்து, மேல் கொப்பியைத் திறந்து, தவளையின் இதயத்தைப் பார்த்து, "ஐயோ டீச்சர், இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சாப்பிடுகிறீர்கள்" என்பாள். ஒரு காலையில் நாலு ஐந்து பேரின் பைகளை அடுக்கிவைத்து முகவாயை அதன்மேல் ஊன்றித் தூங்கிக்கொண்டே வந்தாள், இறங்கும்போது ஒருவரின் பையும் மாறவில்லை. பஸ்ஸில் குண்டு வெடித்த அன்றைக்கு எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம். விதி, பூர்வபுண்ணியம், அம்மன் காத்தாள் என்று உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கொண்டுவந்தார்கள், நான் எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அம்மன் என்னை மட்டும் பார்த்துக் காத்தாள் என்றால் பின்னால் இருந்தவர்களைப் பார்க்காமல் விட்டாள் என்று ஆகும், அப்படிப்பட்ட அம்மனுக்கு நான் விளக்கேற்ற முடியாது. அருகில் இருப்பவர்களுக்கு வெடிச்சத்தம் கேட்பதில்லை என்று எங்கோ வாசித்திருக்கிறேன். எனக்குக் கேட்டது. மிகப் பெரிய கதவொன்றை யாரோ கோபத்தில் அறைந்து சாத்தியது போல. அதற்குப் பிறகு கேட்கவில்லை, காதுக்குள் ஓர் ஒற்றைக் கீச்சொலி, அது இன்றைக்கும் இருக்கிறது, இப்போதும், பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் பிரேக் போடும் இந்த நொடியிலும், யாராவது கதவைச் சாத்தினால் கொஞ்சம் கூடும். நான் வெளியே ஓடினேனா? ஓடினேன். எல்லோரையும் போல முன்கதவால் இறங்கி ஓடினேன், பிறகு திரும்பி நடந்தேன், ஏன் என்று கேட்டால் வீரம் என்று சொல்ல வாய் கூசுகிறது, என் கொப்பிக்கட்டு உள்ளே கிடந்தது. கொப்பிக்கட்டை எடுக்கப் போனவளின் கையில் அகப்பட்டது கொண்டக்டர் பியசிறியின் கால்.

தொடை நாடி. இந்தியப் புத்தகங்களில் தமனி என்று போடுவார்கள், எங்கள் பாடத்திட்டத்தில் நாடி, எப்படிச் சொன்னாலும் அதிலிருந்து இரத்தம் வருகிற வேகம் ஒன்றுதான். கவட்டுக்கும் தொடைக்கும் இடையில், எலும்போடு சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால், உடம்பின் பாரம் முழுவதும் இறங்க அமத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுவேன், இடத்தைச் சொன்னதும் வகுப்பே வெட்கச் சிரிப்பில் குலுங்கும். பியசிறியும் அதைத்தான் செய்தார். அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து, "டீச்சர், கையை எடுங்கள், வெட்கமாக இருக்கிறது" என்றார். "வெட்கப்பட்டுக்கொண்டே உயிரோடு இருங்கள்" என்றேன், என் சிங்களத்தில் அது என்னவாக வெளிவந்ததோ, சிரித்தார். அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய வெட்கத்தின் மேல் முழுப் பாரத்தையும் போட்டபடி இருந்தேன். பிழைத்தார். பல வருடம் தடியூன்றி நடந்து, கடைசியில் நீரிழிவில் போனார், அதற்கு நான் பொறுப்பில்லை. கையை எடுத்து நிமிர்ந்தபோது ஒரு பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்டார். கனகாம்பிகை அருளம்பலம். எந்தக் காலத்திலும் எந்த உத்தியோகத்தருக்கும் வாயில் நுழையாத பெயர், ஆனால் எந்தப் பக்கத்துப் பெயர் என்பது மட்டும் உடனே நுழைந்தது. பொலிஸ் நிலையத்தில் பொழுது சாயும்வரை. ஏன் அந்த பஸ்? ஏன் முன்னால் உட்கார்ந்தாய்? இறங்கி ஓடியவள் ஏன் திரும்பி வந்தாய்? கடைசிக் கேள்விக்கு, கொப்பிக்கட்டு என்று உண்மையைச் சொன்னேன், உண்மை அந்த மேசையில் மிகவும் மலிவாகத் தெரிந்தது. ஒரு பெண் பொலிஸ் என் கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, சிவப்புப் பேனா, தலைவலித் தைலம், வாழையிலையில் கட்டிய மத்தியானப் புட்டு. இலையைப் பிரித்து, என்னுடைய சிவப்புப் பேனாவை எடுத்து, புட்டைக் கிளறினாள். தேங்காய்ப்பூவுக்குள் எதைத் தேடினாளோ. அடிக்கவில்லை, திட்டவில்லை, கிளறினாள். இரத்தம் கழுவினால் போனது. அந்தப் பேனா கிளறிய சத்தம், புட்டுக்கு ஏது சத்தம் என்று நீங்கள் கேட்கலாம், இருக்கிறது.

வெளியே வந்தால் அங்கே இன்னொரு விசாரணை. மச்சான் முறையான ஒருவர் வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "இயக்கப் பெடியள் சும்மா செய்யமாட்டாங்கள், எங்களுக்காகத்தானே" என்றார். எனக்காக. என்னைக் கேட்காமல், எனக்காக, சோமலதாவைக் கொன்றார்கள். "எனக்கு ஒண்டு தேவையெண்டால் நான் வாய் திறந்து கேட்பன், எனக்கு வாய் இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். அவருக்குத் தெரியும், அதன்பிறகு வரவில்லை. தேத்தண்ணியில் சீனி மிச்சம். ஆனால் என்னை உண்மையில் மூர்க்கமாக்கியது இவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு கதை. குண்டுப் பார்சல் ஒரு பெண்ணின் மடியில் இருந்ததாம், யாரோ நின்றவன் கொடுத்தானாம், பாவம், நல்ல மனசு, வாங்கி வைத்துக்கொண்டாளாம். கதை பஸ்ஸுக்கு பஸ் ஏறி இறங்கிற்று. அடுத்த வாரமே மடிகள் மூடிக்கொண்டன. அது பொய். நான் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் தரைத்தகடு கிழிந்து, அதன் விளிம்புகள் சில்லுப் பக்கமாகக் கீழ்நோக்கி மடிந்திருந்தன. இருக்கையின் இரும்புச் சட்டம் மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒரு விசை இரண்டு பொருள்களுக்கு நடுவில் பிறந்தால் ஒன்றைக் கீழேயும் மற்றதை மேலேயும் தள்ளும், இது எட்டாம் வகுப்புப் பாடம். மடிக்கு மேலே வெடித்திருந்தால் சட்டமும் கீழேதான் போயிருக்கும். தரையில், இருக்கைக்கு அடியில், எவனோ காலால் தள்ளிவிட்டு இறங்கிப் போயிருக்கிறான். சோமலதாவின் மடியில் இருந்தவை சாப்பாட்டுப் பெட்டிகளும் குடைகளும். விசாரணை அதிகாரியிடம் படம் கீறிக் காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு, "சொந்த ஊர் எது என்றீர்கள்?" என்று மறுபடியும் கேட்டார். அப்போதிருந்து எனக்கு இது ஒரு வழக்கு. அடுத்தவர் பையை வாங்கியதால் ஒருத்தி சாகவில்லை, மற்றவர்களையும் சாகடிக்கவில்லை, அந்தப் பழியை நான் ஒப்பமாட்டேன். நீதிமன்றம் இல்லை, சாட்சி நான் ஒருத்தி, சாட்சியம் சொல்கிற விதம் கையை நீட்டுவது. யுத்த காலம் முழுவதும் நீட்டினேன், என் நெற்றியிலிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு இறுக்கிக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து மெல்ல மெல்ல, முதலில் பள்ளிப்பிள்ளைகள், பிறகு கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், மடிகள் திறந்தன. இப்போது மறுபடியும் மூடியாயிற்று. ஒவ்வொரு முறை நீட்டும்போதும் பயம் இல்லையா என்றால், காதுக்குள் கீச்சொலி ஏறும், முழங்கால் குளிரும், நாக்கின் அடியில் செம்புக் காசின் ருசி வரும். வரட்டும். வருகிறவற்றையெல்லாம் விருந்தாளி என்று நான் உபசரிக்க வேண்டியதில்லை.

பம்பலப்பிட்டியில் ஏறியவர்களில் கடைசியாக அந்தப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும், கறுத்த அபாயா, ஒரு கையில் வாய் கட்டிய பெரிய துணிப்பை. "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்த கொண்டக்டர் அவளைக் கண்டதும் தள்ளுவதை நிறுத்தினார். எள் விழ இடமில்லாத பஸ்ஸில் அவளைச் சுற்றி மட்டும் ஒரு வெளி உண்டாயிற்று. தண்ணீரில் எண்ணெய் விட்டால் இப்படித்தான், என்று நான் எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என் கை எழும்பவில்லை. அவள் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். மேற்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, பஸ் வெட்டி ஓடும்போதெல்லாம் பை அவளை இழுத்துக்கொண்டு போகிறது. கை எழும்பவில்லை. நீட்டி நீட்டி யாரும் தராத பைகளுக்கு நீட்டியிருக்கிறேன், தந்துவிடக்கூடிய ஒருத்திக்கு முன்னால் கை எழும்பவில்லை. பை பாரமாக இருக்கிறது, அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துவிட்டன, பை ஏன் அவ்வளவு பாரம், அடி ஏன் கனமாகத் தொங்குகிறது, சதுரமாக ஒரு மூலை துருத்துகிறது, கனகாம்பிகை, உனக்கும் அந்தப் பொலிஸ்காரிக்கும் என்னடி வித்தியாசம், அவளிடம் பேனா இருந்தது, உன்னிடம் கண். பின்னாலிருந்து ஒரு குரல் சிங்களத்தில், பையில் என்ன என்று கேட்கச் சொல்லிற்று. கொண்டக்டர் கேட்டார். அவள் ஏதோ சொன்னாள், இரைச்சலில் கேட்கவில்லை. இன்னொரு குரல், இறக்கிவிடு, அடுத்த பஸ்ஸில் வரட்டும். அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மன்னிப்பு இருந்தது, எதற்கென்றே தெரியாமல் முன்கூட்டியே தயாரித்து வைத்த மன்னிப்பு. அந்த முகம் எனக்குத் தெரியும், பல வருடம் அதை நான் போட்டிருக்கிறேன். கை எழும்பியது. "தாங்கோ பிள்ளை."

"வேணாம் அன்ட்டி, அடுத்த ஹோல்ட்ல எறங்கிடுறேன்." "எங்க போறீங்கள்?" "புறக்கோட்டைக்கு." "அப்ப ஏன் இறங்கிறீங்கள்? தாங்கோ." பக்கத்து இருக்கைக்காரர், சட்டைப் பையில் பேனா குத்திய, நரைத்த மீசை வைத்த நம்மவர், வெள்ளவத்தையில் என்னோடு ஏறியவர், அதுவரை பேப்பரால் முகத்தை மறைத்திருந்தவர், பேப்பரை மடித்தார். "அக்கா, வாங்காதேங்கோ." தமிழில், மெதுவாக, ஏதோ குடும்ப இரகசியம் போல. "ஏன் தம்பி?" "காலம் தெரியாதே உங்களுக்கு?" "தெரியும். சண்டைக் காலத்தில நீங்களும் பஸ்ஸில போனனீங்கள்தானே. உங்கட பையை ஆர் வாங்கினது?" பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, "அது வேற" என்றார். "என்ன வேற?" "நாங்கள் ஒண்டும் செய்யேல்லை." "இந்தப் பிள்ளை என்ன செய்தது?" "உங்களுக்கு விசர். நீங்கள் சாகிறதெண்டால் சாகுங்கோ, பக்கத்தில நானும் எல்லே இருக்கிறன்." அது நியாயமான வாதம். "அப்ப எழும்பி அங்கால போங்கோ, இந்தப் பிள்ளை இருக்கட்டும்" என்றேன். அவர் எழும்பவில்லை. இடம் கிடைத்த கொழும்புக்காரர் குண்டுக்குக்கூட எழும்பமாட்டார், இதுவும் நான் கண்டறிந்த ஒரு விதி. அதற்குள் அவள் பையை என் மடியின் விளிம்பில் சாய்த்து, வாய்க்கட்டில் கையை வைத்துவிட்டாள். "தொறந்து காட்டுறேன் அன்ட்டி. எல்லாரும் பாத்துக்கங்க. ஒண்டுமே இல்ல, பாருங்க." முடிச்சு ஒரு சுற்று கழன்றது. பஸ் முழுவதும் கழுத்தை நீட்டிற்று. நானும். ஒளிக்க என்ன இருக்கிறது, என் கழுத்தும்தான் நீண்டது. ஒரு பார்வை, அரைப் பார்வை, பிறகு புறக்கோட்டைவரை நிம்மதி, கீச்சொலி அடங்கும், முழங்கால் சூடாகும், பேனாக்காரர் பேப்பர் படிப்பார், கொண்டக்டர் தள்ளத் தொடங்குவார், ஒருவருக்கும் நட்டமில்லை, இவளே விரும்பித்தானே காட்டுகிறாள், விரும்பி. என் கையை முடிச்சின் மேல் வைத்து அமத்தினேன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால். "அவிழ்க்காதேங்கோ." "பரவால்ல அன்ட்டி, எனக்குப் பழக்கம்." "எனக்குப் பழக்கமில்லை. காட்டினால் வாங்கமாட்டன்." அவள் திகைத்துப் பார்த்தாள். "பயமில்லியா ஒங்களுக்கு?" "பயம்தான்." "அப்ப?" "பயம் என்ர சொந்தச் சாமான். அதை நான் வைச்சிருக்கிறன். நீங்கள் உங்கட பையைத் தாங்கோ." கழன்ற சுற்றை அவளே மறுபடியும் கட்டினாள், இறுக்கி, இரட்டை முடிச்சாக. பிறகு பை முழுவதும் என் மடியில் இறங்கியது.

கொள்ளுப்பிட்டி. பாரம். ஒரு பக்கம் கூடுதலாகப் பாரம். துருத்துகிற மூலை தொடையில் குத்துகிறது, தகரமா பலகையா, அதற்கு மேலே ஏதோ தளர்வாக உருள்கிறது, உருள்வது கோளமாக இருக்க வேண்டும், நிறைக்கும் பருமனுக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், எடுக்காதே. விஞ்ஞானம் படித்தவளின் மடியில் தெரியாத ஒரு பொருளை வைப்பது பூனையின் முன்னால் நூல் பந்தை உருட்டுவது. வகை பிரி, எடை போடு, பெயர் வை என்று மூளை நச்சரிக்கிறது. பயம்கூட இவ்வளவு தொல்லை தரவில்லை. பயம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது, அறிவு ஆயிரம் கேட்கிறது. இரண்டையும் பக்கத்தில் உட்காரவைத்து யன்னலைப் பார்க்கிறேன். பேனாக்காரர் உடம்பை மறுபக்கம் ஒடுக்கிவைத்திருக்கிறார், ஒரு சாண் விலகினால் தப்பிவிடலாம் என்று கணக்கு, பாவம், அவருக்கு விசைகளைப் பற்றி ஒருவரும் சரியாகப் படிப்பிக்கவில்லை. காலிமுகத்திடல் வந்துவிட்டது, கடல் தெரிகிறது, யாரோ பட்டம் விடுகிறார்கள், வால் நீண்ட பட்டம், காற்று நல்ல காற்று. ஒரு குழியில் சில்லு இறங்கி ஏற, பையும் நானும் சேர்ந்து துள்ளினோம், எனக்குள் அந்தக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது, முழுதாக, நான் செத்தேன், பியசிறி செத்தார், தகடு கிழிந்து கீழே மடிந்தது, சட்டம் மேலே வளைந்தது, பிறகு பஸ் ஓடிக்கொண்டிருந்தது, புத்தர் சிமிட்டினார், பிள்ளையார் சிமிட்டினார், பட்டம் அங்கேயே இருந்தது. என் இரண்டு கைகளும் பையைக் கட்டிப் பிடித்திருந்தன. தள்ளிவிடவில்லை. குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தேன், கிழட்டுக் கைகள், நரம்பு புடைத்த கைகள், கேட்காமலே சரியான பக்கத்துக்குப் போயிருக்கின்றன. சோமலதா, பார்த்தாயா, இப்படித்தான் நீயும் பிடித்திருந்தாய், வேறொன்றும் செய்யவில்லை. "பாரமா அன்ட்டி?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு எழும்புற அவசரம் ஒண்டும் இல்லை" என்றேன்.

புறக்கோட்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். பேனாக்காரர் முதலில், பின்னால் திரும்பிப் பார்க்காமல், ஆனால் அவசரத்தில் அவருடைய குடை யன்னல் பக்கம் மாட்டிக்கொள்ள, நான்தான் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "அக்கா" என்று தொடங்கினார், முடிக்கவில்லை, போனார். போகட்டும், அவருடைய வழக்கு அவருக்கு. அந்தப் பெண் குனிந்து பையை எடுத்தாள். முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதையோ திருப்பித் தர வேண்டும் என்ற தவிப்பு முகத்தில். "அன்ட்டி, இதுக்குள்ள என்னண்டா," என்றாள். "சொல்லாதேங்கோ." "இல்ல, சும்மா, எங்க உம்மாட," "சொல்லாதேங்கோ பிள்ளை, போங்கோ." சிரித்துவிட்டாள், முதல் தடவையாக, வெட்கத்தில் கொஞ்சம் கோபமும் கலந்த சிரிப்பு. "சரியான பிடிவாதம் ஒங்களுக்கு." "ஓம்." கூட்டத்துக்குள் போய்விட்டாள். எழும்பிப் படியிறங்கி வெயிலில் நின்றபோதுதான் பார்த்தேன், என் சேலையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம். பையிலிருந்து கசிந்தது. மீனாக இருக்கலாம், தயிர்ச்சட்டியாக இருக்கலாம், வியர்வையாகக்கூட இருக்கலாம், என்னுடையதாகவே இருக்கலாம். தலைப்பை இழுத்து மூக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமல், காயட்டும் என்று விட்டு, வெயில் விழுகிற பக்கமாகவே நடக்கிறேன்.